சத்தம் பிந்துவதற்குப் புராசசர் காரணமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாலில் டிவிக்கு அடியில் ஐ5-2400 புராசசர் போட்ட பழைய கம்ப்யூட்டரை வைத்து, கோடி மென்பொருளில் படம் பார்த்துவருகிறீர்கள். பழைய டிவி இருந்தவரை குறை எதுவும் இல்லை. புதிய 4கே டிவியும், அதனுடன் ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வெளியே அனுப்பும் வசதி) வழியாக இணைத்த சவுண்ட்பாரும் வந்த பிறகு எல்லாப் படங்களிலும் சத்தம் கொஞ்சம் பிந்துகிறது. தமிழ் ஒலியைத் தனியாகச் சேர்த்த சில கோப்புகளில் மட்டும் அந்தப் பிந்தல் போகப்போகக் கூடி, இடைவேளை வருவதற்குள் நாலைந்து விநாடி ஆகிவிடுகிறது. 4கே கோப்புகளோ விக்கி விக்கி ஓடுகின்றன. கடைக்காரர் ஐ7 போடச் சொல்கிறார். போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, எந்தப் புராசசரை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் புராசசரை மாற்றினால் தீரக்கூடியது கடைசியாகச் சொன்ன விக்கல் மட்டும்தான்.

நான் தொலைக்காட்சி ஒளிபரப்பின் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். அங்கே ஒலியும் காட்சியும் ஒட்டவில்லை என்று யாராவது சொன்னால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, சத்தம் முந்துகிறதா, பிந்துகிறதா என்பதுதான். வீட்டில் படம் பார்ப்பவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. "சிங்க் இல்லை" என்று மட்டும் சொல்வார்கள். ஆனால் திசை தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். புராசசருக்குச் சக்தி போதவில்லை என்றால் திணறுவது காட்சிதான், ஒலி அல்ல. ஒலியைப் பிரித்தெடுப்பது மிகச் சிறிய வேலை. பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரும் அதை அலட்சியமாகச் செய்துவிடும். எனவே புராசசர் திணறும்போது காட்சி பின்தங்கும், சத்தம் முந்திக்கொள்ளும். உங்களுக்கு நடப்பது இதற்கு நேர் எதிரானது. சத்தம் எல்லாப் படங்களிலும் ஒரே அளவாகப் பிந்துகிறது என்றால், கம்ப்யூட்டரை விட்டு வெளியேறிய பிறகு ஒலி போகும் பாதையில் எங்கோ நேரம் போகிறது. இதில் எனக்கு ஐயம் இல்லை.

சோதிப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. எதை வைத்துச் சோதிக்கிறீர்கள் என்பது முக்கியம். தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் டப்பிங் அரங்கில் குரல் கொடுக்கிறார்கள். கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவர் பல நேரங்களில் வேறொருவர். பிறமொழிப் படத்தின் தமிழ் வடிவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உதட்டசைவு அங்கே இயல்பாகவே முழுமையாகப் பொருந்தாது. அதைப் பார்த்துக்கொண்டே எண்களை மாற்றிக்கொண்டிருந்தால் இரவு முழுவதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கதவு அறையும் காட்சி, கைதட்டல், மேசையில் டம்ளரை வைக்கும் காட்சி போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரு புள்ளி மின்னும்போது பீப் ஒலி எழுப்பும் சோதனை வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தரவிறக்கி, கம்ப்யூட்டரில் வைத்தே ஓட்டுவது இன்னும் நல்லது.

இப்போது அந்த நிலையான பிந்தலைப் பார்ப்போம். சவுண்ட்பாரின் கேபிளைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அதே சோதனையை ஓட்டுங்கள். அங்கே சரியாக இருந்தால் குற்றவாளி டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் இடையில் இருக்கிறது. ஏஆர்சி இணைப்பில் ஒலி கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் போய், அங்கிருந்து திரும்பி சவுண்ட்பாருக்கு வருகிறது. இந்தச் சுற்றுப் பாதையில் நேரம் போவது பெரும்பாலும் மாற்றி எழுதுவதால்தான். கம்ப்யூட்டர் சுருக்கப்படாத சாதாரண பிசிஎம் ஒலியை அனுப்ப, டிவி அதைச் சுருக்கிய வடிவமான டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்ப, சவுண்ட்பார் அதை மறுபடியும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தால் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம் சேரும். டிவியின் ஒலி அமைப்புகளில் டிஜிட்டல் வெளியீட்டு வடிவம் என்று ஒரு தேர்வு இருக்கும். கம்ப்யூட்டர் ஸ்டீரியோ பிசிஎம் அனுப்பினால் அங்கேயும் பிசிஎம் என்று வையுங்கள். கோடியில் பாஸ்த்ரூ போட்டு டால்பியை அப்படியே அனுப்பினால் டிவியிலும் பாஸ்த்ரூ என்று வையுங்கள். டிவி நடுவில் கைவைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சவுண்ட்பாரில் செயற்கை சரவுண்ட் முறைகள் எதுவும் இயங்கினால் அவற்றையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

"கேம் மோட் போடுங்கள், சரியாகிவிடும்" என்று பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த ஆலோசனை உங்கள் விஷயத்தில் பாதகமாக முடியலாம். டிவி தன் படத்தை அழகுபடுத்தும் வேலைகளுக்கு, குறிப்பாக அசைவை மென்மையாக்கவும் இரைச்சலை நீக்கவும், சில ஃபிரேம்களைச் சேமித்து வைத்துப் பார்க்கிறது. அந்த நேரம் காட்சி தாமதமாகிறது. கேம் மோட் அந்த வேலைகளை நிறுத்துவதால் காட்சி விரைவாக வந்துவிடும். சத்தம் முந்துகிற வீட்டில் இது மருந்து. சத்தம் ஏற்கெனவே பிந்துகிற வீட்டில் காட்சி இன்னும் முந்திப் போனால் இடைவெளி கூடத்தான் செய்யும். கம்ப்யூட்டரை இணைத்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு டிவியில் பிசி என்று பெயரிட்டிருந்தாலும் பல டிவிகளில் இதே விளைவு வரும். புதிய டிவி வந்த பிறகுதான் கோளாறு தொடங்கியது என்று நீங்கள் சொல்வதால் இதையும் பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகும் மிச்சம் இருந்தால், அதைத் திருத்த வேண்டிய இடம் கம்ப்யூட்டர்தான். டிவியிலும் சவுண்ட்பாரிலும் இருக்கும் ஒலித் தாமத அமைப்பு, பெயருக்கு ஏற்றபடி, ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே உதவும். இன்னும் வராத ஒலியை அவற்றால் முன்னால் கொண்டுவர முடியாது. பிளேயர் மென்பொருளுக்கு அந்தத் தடை இல்லை, ஏனென்றால் முழுக் கோப்பும் அதன் கையில் இருக்கிறது. கோடியில் படம் ஓடும்போதே ஒலி நகர்வை 25 மில்லிசெகண்ட் படிகளில் முன்னும் பின்னும் மாற்றலாம். விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 50 மில்லிசெகண்ட் நகர்த்தும். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதற்கு நான் செய்யும் முறை இது. சோதனை வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது, சத்தம் காட்சிக்கு முந்திவிட்டது என்று தெளிவாகத் தோன்றும் வரை ஒலியை முன்னால் தள்ளிக்கொண்டே போவேன். தோன்றிய இடத்திலிருந்து இரண்டு படி, அதாவது 50 மில்லிசெகண்ட், பின்னால் வந்து நிறுத்துவேன்.

இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்கலாம். மனிதக் காது இந்த விஷயத்தில் ஒருதலைப்பட்சமானது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, சத்தம் சுமார் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார். பிந்தினால் சுமார் 125 மில்லிசெகண்ட் வரை தெரிவதில்லை. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் தன் உறுப்பு நிலையங்களுக்கு இன்னும் இறுக்கமாக, 40 முந்தலாம், 60 பிந்தலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இயற்கையில் ஒளிதான் முதலில் வருகிறது. ஆற்றின் எதிர்க்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடிப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகே சத்தம் வந்து சேர்கிறது. அந்த வரிசைக்கு நாம் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறோம். நீங்கள் உட்காரும் சோபா மூன்று மீட்டர் தள்ளி இருந்தாலும் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் ஆகிறது, யாரும் குறை சொல்வதில்லை. எனவே சிறு பிந்தல் மிஞ்சினால் விட்டுவிடலாம், முந்தலை மட்டும் விடக்கூடாது. எச்டிஎம்ஐ 1.3 காலத்திலிருந்தே டிவியும் ஒலிச் சாதனமும் தாமதங்களைத் தாமே பேசித் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் அது கட்டாயம் ஆனது ஏஆர்சியின் புதிய வடிவமான ஈஏஆர்சி வந்த பிறகுதான் என்பதால் பழைய ஏஆர்சி இணைப்பில் அதை நம்பியிருக்க வேண்டாம். புளூடூத்தில் கேட்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முழுமையாக உதவாது. சாதாரண புளூடூத் ஒலி 150 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்துவது சர்வ சாதாரணம்.

அடுத்து, கூடிக்கொண்டே போகும் பிந்தல். இங்கே உங்கள் எண்களே பதிலைச் சொல்கின்றன. திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம் என்று சொல்கிறோம். ஆனால் ப்ளூரே வட்டுகளிலும் இணைய வெளியீடுகளிலும் பெரும்பாலும் இருப்பது 23.976, துல்லியமாகச் சொன்னால் 24,000-ஐ 1,001-ஆல் வகுத்த எண். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி முறையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. 23.976-க்காகத் தயாரித்த ஒலியை, சரியாக 24-இல் ஓடும் காட்சியோடு ஒட்டினால், ஒலி ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமாக இருக்கும். பத்து நிமிடத்தில் 0.6 விநாடி பிந்தும், 75 நிமிடத்தில் 4.5 விநாடி பிந்தும். இடைவேளைக்குள் நாலைந்து விநாடி என்று நீங்கள் எழுதியிருப்பது இதனுடன் அப்படியே பொருந்துகிறது. தொலைக்காட்சிக்காக விநாடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் ஓட்டிய வடிவத்திலிருந்தோ, நம் ஊர்ப் பழைய டிவிடியிலிருந்தோ எடுத்த ஒலியாக இருந்தால் பிழை பல மடங்கு பெரிதாக இருந்திருக்கும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். முதல் பாட்டு வருவதற்குள்ளேயே பார்க்க முடியாமல் போயிருக்கும்.

இதை உறுதி செய்வது எளிது. அதே கோப்பில் அசல் மொழி ஒலித்தடம் இருந்தால் அதற்கு மாற்றி, ஒரு மணி நேரம் தாண்டிய இடத்தில் பாருங்கள். அது சரியாக இருந்து தமிழ்த்தடம் மட்டும் பிந்தினால் கோப்பைத் தவிர வேறு எதன் மேலும் பழி இல்லை. உலகின் மிக விலையுயர்ந்த புராசசரிலும் அது அப்படியேதான் பிந்தும். திருத்த வேண்டுமானால் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ஒலியின் வேகத்தை மாற்றும் அட்டெம்போ வடிகட்டியை 1.001 என்று கொடுத்து, அந்தத் தமிழ்த்தடத்தை மட்டும் புதிதாக எழுதி, ஒலித்தடங்களைக் கோப்பில் சேர்க்கவும் நீக்கவும் உதவும் எம்கேவி டூல்நிக்ஸ் கொண்டு பழையதன் இடத்தில் வைக்கலாம். எம்கேவி டூல்நிக்ஸிலேயே நேரத்தை நீட்டிச் சுருக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆனால் அது காட்சிக்கும் சப்டைட்டிலுக்கும் ஏற்றதே தவிர ஒலித்தடத்துக்கு ஏற்றதல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஒலியை மறுபடி எழுதும்போது தரம் இம்மியளவு குறையும். இந்தக் கோளாறோடு ஒப்பிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிந்தல் கூடிக்கொண்டே போய், ஒருமுறை நிறுத்தி ஓட்டினாலோ பத்து விநாடி பின்னால் தள்ளினாலோ உடனே சரியாகிவிடுகிறது என்றால் அது கோப்பின் பிழை அல்ல, ஓட்டும் இடத்தின் பிழை. மூடிய டிவி அலமாரிக்குள் தூசி அடைந்த ஃபேனோடு இருக்கும் கம்ப்யூட்டர், அரை மணி நேரத்தில் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது உண்டு. உங்கள் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காமல் இதை நான் மறுக்கவோ உறுதிசெய்யவோ முடியாது. நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

விக்கலுக்கு வருவோம்; புராசசருக்கு உண்மையில் வேலை இருக்கும் இடம் இது. படம் ஓட்டுவதற்குப் புராசசரின் கோர் எண்ணிக்கையோ கிகாஹெர்ட்ஸோ முக்கியம் அல்ல. கிராஃபிக்ஸ் பகுதிக்குள், சுருக்கிய வீடியோவை விரித்தெடுக்க வீடியோ டிகோடர் என்று தனியாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதற்கு எந்தெந்த வீடியோ வடிவங்கள் தெரியும் என்பதுதான் கேள்வி. தெரிந்த வடிவமாக இருந்தால் மிகச் சிறிய புராசசரும் 4கே படத்தைச் சூடேறாமல் ஓட்டும். தெரியாத வடிவமாக இருந்தால் எல்லா வேலையும் கோர்களின் தலையில் விழும். உங்கள் ஐ5-2400 வந்தது 2011-இல். அதன் டிகோடருக்கு எச்.264 என்ற பழைய வடிவம் தெரியும், இன்றைய 4கே கோப்புகளில் இருக்கும் 10 பிட் எச்இவிசி என்ற வடிவம் தெரியாது. அதனால்தான் விக்குகிறது. கோடியில் படம் ஓடும்போது ஓ விசையை அழுத்தினால், டிகோடர் வன்பொருளில் ஓடுகிறதா மென்பொருளில் ஓடுகிறதா என்று திரையிலேயே காட்டும். புதிய கம்ப்யூட்டர்களில், விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் ஜிபியு (கிராஃபிக்ஸ்) பக்கத்தில் வீடியோ டிகோட் வரைபடம் அசையாமல் படுத்திருந்தாலும் அதே பொருள்தான். அந்தத் தலைமுறைக்கு இன்னொரு குறையும் இருந்தது. அதன் கிராஃபிக்ஸ் 23.976 ஹெர்ட்ஸ் என்று சொல்லிவிட்டு 24.000-ஐத்தான் வெளியே அனுப்பியது. ஏறக்குறைய 41 விநாடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேமை இரண்டு முறை காட்ட வேண்டிவந்து, காட்சி லேசாகத் தடுக்கும். 1080பி படங்களிலும் அப்படி ஒரு தடுக்கலைக் கண்டிருந்தீர்கள் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கடைக்காரர் சொல்லும் ஐ7, உங்கள் மதர்போர்டிலேயே உட்காரும் ஐ7-2600 வகையாக இருந்தால் தயவுசெய்து வாங்க வேண்டாம். அதே டிகோடர், அதே எச்டிஎம்ஐ, கூடுதல் சூடு, காசுதான் வீண். பழைய புராசசர்களைத் தேடினால் எல்லைக்கோடு இன்டெலின் ஏழாம் தலைமுறை. ஆறாம் தலைமுறைக்கு 8 பிட் எச்இவிசி வரைதான் முழுமையாகக் கைகூடியது; 10 பிட் எச்இவிசியும் 10 பிட் விபி9-உம் ஏழிலிருந்துதான் வன்பொருளில் ஓடுகின்றன. யூடியூபிலும் பிற தளங்களிலும் பரவிவரும் ஏவி1 வடிவம் வேண்டுமென்றால் பதினொன்றாம் தலைமுறைக்குப் போக வேண்டும். ஏஎம்டியில் இன்றும் பலர் பரிந்துரைக்கும் 5600ஜி நல்ல புராசசர், ஆனால் ஏவி1 டிகோடர் அதில் இல்லை. 7000 வரிசை டெஸ்க்டாப் புராசசர்களில் இருக்கிறது. இன்டெலில் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து வந்தால் கிராஃபிக்ஸ் பகுதியே இயங்காது. விலை கொஞ்சம் குறைவு என்று ஐ3-12100எஃப் வாங்கிவந்து, டிவியில் படம் வராமல் தனி கார்டு தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படம் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், இன்டெலின் என்100 புராசசர் போட்ட ஒரு மினி பிசி போதும் என்பது என் தெளிவான கருத்து. நான்கு கோர், 6 வாட், ஏவி1 வரை எல்லாமே வன்பொருள் டிகோடிங். அதையே ஐ3, ஐ5 என்று உயர்த்துவதால் படத்தின் தரத்தில் ஒரு துளியும் கூடாது. வாங்குமுன் எச்டிஎம்ஐ போர்ட் 2.0 அல்லது அதற்கு மேற்பட்டதா என்று கேளுங்கள். ஏழு முதல் பத்தாம் தலைமுறை வரையிலான மதர்போர்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே இருக்கும். அதில் 4கே படம் 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது, வெளிச்சத்தையும் நிறங்களையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆரும் முறையாகப் போகாது. டிவியிலும் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு முழு அலைவரிசையைத் திறந்துவிடும் அமைப்பு ஒன்று இருக்கும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பல டிவிகளில் அது அணைந்தே இருக்கும். கோடியில், படத்துக்கு ஏற்பத் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் தேர்வை இயக்குங்கள். காட்சியோடு ஒலியை இழுத்துப் பிடிக்கும் தேர்வு பக்கத்திலேயே இருக்கும். பாஸ்த்ரூ பயன்படுத்தினால் அதைத் தொட வேண்டாம், இரண்டும் சேர்ந்து இயங்காது.

ஓடிடி தளங்களை 4கே-இல் பார்க்கும் எண்ணமும் இருந்தால், அதற்குக் கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம். அங்கே தடை வேகத்தில் இல்லை, பதிப்புரிமைப் பாதுகாப்பில் இருக்கிறது; லினக்ஸ் உலாவியில் அந்தத் தளங்கள் 4கே தருவதில்லை, விண்டோஸிலும் நிபந்தனைகள் பல. டிவியில் இருக்கும் ஆப் அல்லது ஒரு சிறிய ஸ்டிக் அந்த வேலையை நன்றாகச் செய்யும். 4கே ப்ளூரே வட்டைக் கம்ப்யூட்டரில் நேரடியாகப் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே நிலைதான். அதற்குத் தேவையான எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை இன்டெல் பதினொன்றாம் தலைமுறையிலிருந்து சாதாரணப் புராசசர்களில் எடுத்துவிட்டது. தனி பிளேயர் வாங்குவது மேல்.

பணம் செலவழிக்குமுன் இரண்டு விஷயங்களைப் பார்த்து எழுதுங்கள். சவுண்ட்பாரைக் கழற்றி டிவி ஸ்பீக்கரில் கேட்டபோது பிந்தல் இருந்ததா என்பது ஒன்று. மற்றொன்று, பிந்தல் கூடும் கோப்புகளில் ஒன்றை மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து, காட்சியின் ஃபிரேம் ரேட், காட்சியின் கால அளவு, ஒவ்வோர் ஒலித்தடத்தின் கால அளவு ஆகிய வரிகளை அப்படியே இங்கே ஒட்டுங்கள். இரண்டு மணி நேரப் படத்தில் தமிழ்த்தடம் காட்சியைவிட ஏழு விநாடி அளவுக்கு நீளமாக இருந்தால் நான் மேலே சொன்ன கணக்கு சரி. வேறு எண் வந்தால் அந்த எண்ணை வைத்தே அட்டெம்போவுக்குக் கொடுக்க வேண்டிய அளவைக் கணக்கிட்டுத் தருகிறேன்.